நடுங்கும் கைக்கும் வேலை உண்டு

நம் சங்கத்தின் ஆண்டுவிழா அழைப்பிதழ்களின் உறைமேல் முகவரி எழுதும் பணியைப் பல ஆண்டுகளாக ஓர் அன்பரே விரும்பி ஏற்றுச் செய்துவந்தார். முத்துக் கோத்தாற்போன்ற கையெழுத்து அவருடையது. மூன்றாண்டுகளுக்கு முன் அவர் எழுதிய உறைகளில் பல, முகவரி விளங்காமல் திரும்பி வந்துவிட்டன. முதல் வரியில் வழக்கமான அளவில் தொடங்கிய எழுத்து, வரிக்கு வரி சிறுத்து, ஊர்ப்பெயரை எட்டும்போது எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகியிருந்தது. "கண்ணாடியை மாற்ற வேண்டும் போலிருக்கிறது" என்று அவரும் சொன்னார்; நாங்களும் நம்பினோம். கோளாறு கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை, மூளையின் ஆழத்தில் சிறியதோர் இடத்தில் இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது.

அவர் தஞ்சை மாவட்டத்திலிருந்து இளமையிலேயே மும்பைக்கு வந்தவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். ஆன்டாப் ஹில் அரசாங்கக் குடியிருப்பில் மனைவி, மகள், மகன் ஆகியோருடன் வசிக்கிறார். வயது 53. அவருடைய அனுமதி பெற்று, பெயரை மட்டும் விடுத்து, அவர் கதையை இங்கே எழுதுகிறேன். ஊரை விட்டு வந்து ஒரே சம்பளத்தை நம்பி வாழும் நம்மவர் இல்லங்களில் இது எங்கும் நிகழக்கூடியது. சில இல்லங்களில் சாத்திய கதவுக்குள் நிகழ்ந்துகொண்டும் இருக்கலாம்.

உறைகள் திரும்பி வருவதற்கு முன்பே அவருடைய இல்லத்தில் சில அறிகுறிகள் தோன்றியிருந்தன. காலைக் காப்பியில் மணமே இல்லை என்று மனைவியிடம் குறைபட்டுக்கொள்வாராம். இரவில் கனவு கண்டு கைகால்களை உதறுவாராம். நடக்கையில் இடக்கை வீசியாட, வலக்கை மட்டும் உடலோடு ஒட்டி நிற்குமாம். ஊரில் நடந்த ஒரு திருமணத்திற்குப் போனபோது, "பம்பாய்க்காரருக்குச் சிரிக்கக்கூட மனம் வரவில்லை, பெரிய மனிதராகிவிட்டார்" என்று உறவினர் பேசிக்கொண்டனர். அவர் சிரிக்காமல் இல்லை. முகத்தின் தசைகள் அவருடைய சிரிப்பை வெளிக்காட்டவில்லை. இவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பின்னர் ஒரு நாள் கையொப்பம் ஒத்துவரவில்லை என்று வங்கி அவருடைய காசோலையைத் திருப்பி அனுப்பியது. அதன்பிறகு வலக்கை விரல்கள் ஓய்வாக மடியில் கிடக்கும்போது தாமே நடுங்கத் தொடங்கின. நரம்பியல் மருத்துவர் அவரை நடக்கச் சொல்லியும் எழுதச் சொல்லியும் பார்த்துவிட்டு, இது நடுக்குவாதம், ஆங்கில மருத்துவத்தில் பார்க்கின்சன் நோய் எனப்படுவது என்றார்.

அவர் அதை ஓராண்டு மறைத்துவைத்தார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அலுவலகத்தில் பதவி உயர்வு வரவேண்டிய சமயம். கூட்டங்களில் வலக்கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறர் முன்னிலையில் காப்பி அருந்துவதை விட்டார். சங்கத்திற்கு வருவதையும் விட்டார். ஒரு நாள் இரவு என் வீட்டிற்கு வந்து, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். விருப்ப ஓய்வு கோரும் கடிதம். "இதில் பிழை ஏதேனும் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் சார்" என்றார்.

கடிதத்தில் பிழை இல்லை. ஆயினும் வேலை போனால் ஆறேழு மாதங்களுக்குள் குடியிருப்பும் போகும். மகனுடைய கல்லூரிப் படிப்பு இன்னும் இரண்டாண்டுகள் இருந்தது. "இதை ஒரு மாதம் என்னிடம் கொடுத்துவையுங்கள்; இந்நோயைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொண்ட பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றேன். அந்த ஒரு மாதத்திலும் அதன்பிறகும் நாங்கள் தெரிந்துகொண்டவையே இக்கட்டுரை.

நோயின் இயல்பு

லண்டன் நகரின் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் 1817-ஆம் ஆண்டில், தாம் கண்ட 6 பேரின் நிலையை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே பின்னாளில் நோய்க்கும் ஆயிற்று. நம் நாட்டு ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்று கூறப்படுவதும் நடுக்கத்தோடு கூடிய இத்தகைய நிலையையே.

மூளையின் நடுப்பகுதியில் கருநிறம் வாய்ந்த ஓரிடத்திலுள்ள உயிரணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உடலின் அசைவுகள் தடையின்றியும் அளவாகவும் நிகழ இப்பொருள் இன்றியமையாதது. அவ்வுயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இந்நோய். அறிகுறி வெளிப்படுவதற்குள் அவற்றில் கணிசமான பகுதி அழிந்துபோயிருக்கும். பெரும்பாலோருக்கு 60 வயதை ஒட்டி வருகிறது. 50-க்கு முன்பும், அரிதாக 40-க்கு முன்பும் வருவதுண்டு. உத்தியோக வாழ்க்கையின் நடுவிலேயே சிலர் இதனைச் சந்திக்க நேர்வது இதனால்தான்.

நடுக்கம் ஒன்றே இந்நோய் என்று எண்ணுதல் தவறு. அசைவு மந்தமாதல், தசை விறைத்தல், குரல் தணிதல், எழுத்துச் சிறுத்தல் ஆகியவையும் இதன் கூறுகளே. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. மலச்சிக்கல், மணம் தெரியாமை, உறக்கத்தில் உதறல், மனச்சோர்வு ஆகியவை சிலருக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகின்றன. மறுபுறம், கை நடுங்குவோர் எல்லோருக்கும் இந்நோய் என்பதும் இல்லை. தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கப்படும் மருந்துகளில் சில, இதே தோற்றத்தை உண்டாக்கவல்லவை. பலருக்கு அம்மருந்தை மருத்துவர் நிறுத்தியபின் நிலைமை சீராகும். ஆகையால் மருத்துவரிடம் செல்லும்போது, உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும்.

நம் வீடுகளில் மெல்லிய குரலில் கேட்கப்படும் இரு கேள்விகளுக்கும் விடை சொல்லவேண்டும். இது தொற்றுநோயா? அன்று. பிள்ளைகளுக்கு வருமா? மிகப் பெரும்பாலான நோயாளிகளிடம் இது வழிவழியாக வருவதில்லை. மரபுக்கூற்றின் காரணமாக வருவது சிறுபான்மையே. குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ மிக இளவயதில் வந்தாலோ அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

சேப்பாக்கமும் ஒரு விதையும்

இந்நோய்க்கான தலையாய மருந்தின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. வேலிகளில் படரும் பூனைக்காலி என்னும் கொடியை நாம் அறிவோம். அதன் காய்மேலுள்ள சுணை பட்டால் உடல் அரிக்கும். 1937-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர், இக்கொடியின் விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அது பின்னாளில் நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்பதை அன்று உலகில் எவரும் அறிந்திலர்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1957-இல், சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் ஒரு சோதனை செய்தார். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து கிடைக்கும் ரெசர்பின் என்னும் மருந்தை முயல்களுக்குக் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோபா கொடுத்ததும் எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னா நகரில், நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருத்தல் கண்டறியப்பட்டது. 1961-இல் அங்கேயே நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசிவழியே செலுத்தப்பட்டது. 1967-இல் அமெரிக்காவில் கொட்சியாஸ் என்பவர், வாய்வழியே சிறுசிறு அளவாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தோர் நடக்கக் கண்டார். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் லெவோடோபாவே முதன்மை மருந்து. அது மூளையை அடையுமுன் உடலில் வீணாகாமல் காப்பதற்காகக் கார்பிடோபா என்னும் பொருளும் சேர்த்து மாத்திரையாக்கப்படுகிறது. இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடியை வாங்கித் தாமே உண்ணத் தொடங்குதல் கூடாது. பொடியில் மருந்தின் அளவு ஒரே சீராக இராது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிகும். முற்றிலும் குணமாக்குவதாகக் கூறும் விளம்பரங்களையும் நம்பவேண்டாம். அழிந்த உயிரணுக்களை மீட்கும் மருந்து இன்றுவரை இல்லை. அறிகுறிகளைத் தணித்து, பல ஆண்டுகள் பயனுற வாழச் செய்யும் மருந்தே உள்ளது. அதுவும் சிறிதன்று.

கடிகாரமும் சாப்பாட்டுப் பெட்டியும்

இந்த மாத்திரையில் நேரமே முக்கியம். மாத்திரை வேலை செய்யும்போது கை இணங்கும். அதன் வலிமை தீரும்போது உடல் மீண்டும் விறைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த ஏற்றவிறக்கம் மிகுதியாகும். அளவு கூடினால் உடல் தானே நெளிந்தாடுவதும் உண்டு. ஆதலின் எத்தனை மணிக்கு உண்டோம், எப்போது கை இணங்கிற்று, எப்போது விறைத்தது என்று ஒரு குறிப்பேட்டில் இரண்டு வாரம் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுதல் மிகவும் பயன்தரும். நம் அன்பர் கணக்கர் அல்லவா? கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் கண்டபின்தான் மருத்துவர் ஒரு வேளை மாத்திரையை இரண்டாகப் பிரித்து நேரத்தை மாற்றினார்.

உணவிலுள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டியிட்டு, அது உடலில் சேர்வதைத் தடுக்கும். அதனால் பருப்பும் தயிரும் உண்பதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக மாத்திரையை உட்கொள்வது நலம். எங்கள் அன்பருடைய மனைவி, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பகல் சாப்பாட்டுப் பெட்டியில் காய்கறிச் சாதமும் ரசமும் வைத்து, கெட்டிப் பருப்பையும் தயிரையும் இரவுக்கு மாற்றினார். பிற்பகல் இரண்டு மணிக்கு வந்துகொண்டிருந்த விறைப்பு பெரிதும் குறைந்தது.

இரண்டு எச்சரிக்கைகளை மறத்தல் கூடாது. மாத்திரையைத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஊருக்குப் போகும்போது ரயில் பயணத்திற்கும் சேர்த்துக் கையிருப்பு வைத்துக்கொள்ளவேண்டும். மற்றொன்று: டோபமினைப் போலச் செயற்படும் வேறு சில மாத்திரைகள் சிலரைச் சூதாட்டம், வரம்பற்ற செலவு முதலிய வேட்கைகளில் ஆழ்த்துவதுண்டு, திடீர் உறக்கத்தையும் தரலாம். இது ஒழுக்கக் கேடன்று, மருந்தின் விளைவு. வீட்டார் கவனித்து மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

மருந்து மட்டும் போதாது. நாள்தோறும் விரைவு நடையும், இயன்முறைச் சிகிச்சையாளர் கற்பிக்கும் பயிற்சியும், உரக்கப் பேசும் பயிற்சியும் இன்றியமையாதவை. வாயிற்படியிலோ நெரிசலிலோ கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடும் நிலை சிலருக்கு ஏற்படும். அப்போது பின்னாலிருந்து தள்ளுதலோ இழுத்தலோ கூடாது. தரையில் ஒரு கோடு இருப்பதாகக் கருதி அதைத் தாண்டுவதும், தாளத்திற்கேற்ப அடியெடுத்து வைப்பதும் உதவுகின்றன. ஷண்முகானந்தா மண்டபத்தில் கச்சேரி கேட்டுத் தாளம் போட்டு வளர்ந்த நம் அன்பருக்கு இது எளிதாயிற்று. மனத்துக்குள் ஆதி தாளம் எண்ணிக்கொண்டே ரயில் நிலையப் படிகளில் இறங்குகிறார்.

மருந்தின் பயன் ஏற்றவிறக்கமாகிவிட்ட சிலருக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, மார்புத் தோலின் கீழ் வைத்த சிறு கருவியால் மின்தூண்டல் தரும் அறுவைச் சிகிச்சை உண்டு. பிரான்சு நாட்டில் 1987-இல் நடுக்கத்தைத் தணிக்கத் தொடங்கிய இம்முறை, இன்று நம் நாட்டிலும் பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் முதலிய இடங்களில் செய்யப்படுகிறது. செலவு பல இலட்சம் ரூபாய். எல்லோருக்கும் ஏற்றதன்று, லெவோடோபாவுக்கு நன்கு இணங்கும் உடலுக்கே பெரிதும் பயன் தரும்.

அலுவலகத்தில்

இனி அந்த விருப்ப ஓய்வுக் கடிதத்திற்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் எண்ணிக் கூறும் குறைபாடுகளில் பார்க்கின்சன் நோயும் ஒன்று. அதன் 20-ஆம் பிரிவின்படி, பணியிலிருக்கும்போது குறைபாடு அடைந்த ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்குதலும் தரம் தாழ்த்துதலும் கூடாது. இருந்த பணிக்கு அவர் ஏற்றவராக இல்லையெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்றவேண்டும். அத்தகைய பணியும் இல்லையெனில், தக்க பணி கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்துக்கொள்ளவேண்டும். பணியின் தன்மை கருதிச் சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்க அரசுக்கு இடமுண்டு. அரசு நிறுவனம் என்பதில் அரசுக்குச் சொந்தமான வங்கிகளும் கம்பெனிகளும் அடங்கும். தாமே விலகிய பின்னர் இப்பாதுகாப்பைத் தேடிச் செல்வது கடினம். ஆகவேதான் கடிதம் கொடுப்பதற்கு முன் சட்டத்தைப் படிக்கவேண்டும் என்கிறேன்.

தனியார் நிறுவன ஊழியர்க்கு இவ்வளவு உறுதியான காப்பு இல்லை. எனினும் 21-ஆம் பிரிவு, தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடவேண்டும் என்கிறது. தம் நிறுவனத்தின் கொள்கையைக் கேட்டுப் படித்தபின் பேசுவது நலம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்களுக்கு, நீடித்த நோய்களுக்கான உதவிப் பட்டியலில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. நிபந்தனைகளைக் கிளை அலுவலகத்தில் கேட்டறியலாம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழை அரசு மருத்துவக் குழு பரிசோதித்து வழங்கும். சலுகைகள் பலவற்றுக்குக் குறைபாடு 40 விழுக்காடு இருத்தல் வேண்டும்.

நம் அன்பர் தம் மேலதிகாரியிடம் பேசினார். "வீட்டில் நிம்மதியாக இருக்கலாமே" என்பதே முதலில் கிடைத்த பதில். அது அன்பினால் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம்; ஆனால் அந்த நிம்மதிக்கு வாடகை யார் தருவது? மருத்துவரின் கடிதத்தை இணைத்து, தம்மால் எது இயலும், எது இயலாது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி முறைப்படி விண்ணப்பித்தார். சில வாரங்களுக்குப் பின் உத்தரவு வந்தது. நாள் முழுதும் கையொப்பமிடவேண்டிய பட்டுவாடாப் பிரிவிலிருந்து, கணக்குகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியபின் புறப்படும் வண்ணம் அரைமணி தாமதமாக வந்து அரைமணி தாமதமாகச் செல்ல அனுமதி கிடைத்தது. கணிப்பொறியில் சொல்லச் சொல்லத் தட்டச்சாகும் வசதி அமைக்கப்பட்டது. வங்கியில் புதிய மாதிரிக் கையொப்பம் கொடுத்தார். சான்றிதழ் பெற்றபின் ரயிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் செல்கிறார். வெளியூர்ச் சுற்றுப்பயணம் உள்ள உயர் பதவியை மட்டும் வேண்டாமென்று விட்டுக்கொடுத்தார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் உண்டு.

எல்லா வேலையும் எல்லோருக்கும் இயலும் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டி ஓட்டுவோரும், உயரத்திலோ எந்திரத்தின் அருகிலோ வேலை செய்வோரும் மருத்துவரின் கருத்தைக் கேட்டு நடத்தல் வேண்டும். தாராவியில் விடியற்காலையில் எழுந்து இட்லி வார்த்து விற்கும் நம் மக்களுக்கு மேலதிகாரியும் இல்லை, உத்தரவும் இல்லை. அவர்கள் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கும் வேலையை இளையவரிடம் விட்டு, மாவுப் பக்குவமும் கணக்கும் தாம் பார்த்துக்கொள்ளலாம். தொழிலின் அறிவு கையில் மட்டும் இல்லையே.

இல்லத்தில்

மகளின் வரன் விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். மறைக்காமல் சொல்லிவிடுவது என்று குடும்பத்தார் தீர்மானித்தனர். ஒரு வீட்டார் கேட்ட மறுநாளே மௌனமாகிவிட்டனர். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. "திருமணத்திற்குப் பிறகு தெரிந்து மௌனமானால் என்ன செய்வோம்? இப்போதே தெரிந்தது நல்லதுதான் அப்பா" என்று மகளே தந்தையைத் தேற்றினாள். இப்போது வேறோர் இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அவர்களிடமும் முதலிலேயே சொல்லியாயிற்று.

உடனிருப்பவரின் சுமையும் பெரிது. அன்பருடைய மனைவிக்கு ஓராண்டு இந்த இரகசியத்தைக் காத்ததே பெரும் நோயாயிற்று. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு 2001 முதல் இயங்கிவரும் பார்க்கின்சன் நோய் மற்றும் இயக்கக் கோளாறுகள் சங்கம், நோயாளிகளும் வீட்டாரும் கூடிப் பேசவும் பயிலவும் பல நகரங்களில் கட்டணமின்றிக் கூட்டங்கள் நடத்துகிறது. முதல் கூட்டத்திற்குச் சென்றுவந்த அந்த அம்மையார், "என் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்" என்று என்னிடம் சொன்னார்.

அந்தக் கடிதம் இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை. இவ்வாண்டு அழைப்பிதழ் அனுப்பும் நாளில் அவர் சங்கத்திற்கு வந்தார். முகவரிகளைக் கணிப்பொறியில் அச்சிட்டிருந்தோம். பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். வீடு மாறிச் சென்ற 11 குடும்பங்களின் பழைய முகவரி அதில் இருந்ததை அவர்தாம் கண்டுபிடித்தார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவில்லை.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவருடைய எழுத்துச் சிறுத்தால், நடையில் ஒரு கை வீசாமல் நின்றால், முகம் சிரிப்பை மறந்தால், வயது காரணம் என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் உண்டென்று தெரிந்தால், அலுவலகத்திற்கு எழுதவேண்டிய முதல் கடிதம் விலகல் கடிதமன்று. எவ்வகையில் பணி செய்ய இயலும் என்று கூறும் கடிதம். அதை எழுதக் கை ஒத்துழைக்காவிட்டால், சங்கத்திற்கு வாருங்கள். எழுதித்தர இங்கே ஆட்கள் இருக்கிறோம்.